ஐம்பது பைட் பாடம்

நேர்காணலை முடித்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான் அக்கா மகன். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.

"மாமா, பிங் போகுது. ஆனா ஃபைல் போக மாட்டேங்குது. அப்படி நடக்குமா?"

"நடக்கும்டா. யார் கேட்டா?"

"இன்டர்வியூல கேட்டாங்க. ரெண்டு விஎம், நடுவுல விஎக்ஸ்லேன். பிங் போகுது, லாகின் ஆகுது, பெரிய ஃபைல் அனுப்பினா அப்படியே நிக்குதுன்னாங்க. கேபிள் பிரச்சினைன்னு சொன்னேன். போதும் தம்பின்னு அனுப்பிட்டாங்க."

அவன் பையில் நெட்வொர்க் சான்றிதழ் ஒன்று இருந்தது. 'டம்ப்ஸ்' என்று கைமாறும் கேள்வி விடைத் தொகுப்பை இரண்டு மாதம் மனப்பாடம் செய்து வாங்கியது. விஎக்ஸ்லேன் எந்த போர்ட்டில் ஓடுகிறது என்று கேட்டால் தூக்கத்திலும் 4789 என்பான். அது ஏன் பாதி வழியில் நிற்கிறது என்று கேட்டபோது கைவிரித்துவிட்டான். இருபது வருடமாக டேட்டா சென்டர்களில் வேலை பார்க்கிற எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. இவனைப் போல எத்தனை பிள்ளைகள் வீட்டுப் பணத்தைத் தேர்வுக் கட்டணமாகக் கட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்கிறார்கள் என்ற வருத்தம்தான் வந்தது.

கேபிளைத் தொடாமல் ஒரு நெட்வொர்க்

விஎக்ஸ்லேன் ஏன் வந்தது என்பதிலிருந்து அவனுக்கு ஆரம்பித்தேன். ஒரே இயந்திரத்துக்குள் பத்து, இருபது சர்வர்களை விஎம் என்ற பெயரில் மென்பொருளாக ஓட்டும் முறை வந்த பிறகு, புது சர்வர் ஐந்து நிமிடத்தில் தயாராகிவிடும். அதற்கு நெட்வொர்க் கிடைக்கத்தான் நாள் கணக்கில் காத்திருப்போம். ஸ்விட்ச் பார்ப்பவர்கள் ஒரு குழு, ஃபயர்வால் பார்ப்பவர்கள் இன்னொரு குழு, ஒவ்வொருவரிடமும் ஒரு கையெழுத்து.

எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே ஸ்விட்ச்சில் பல வாடிக்கையாளர்களைப் பிரித்து வைக்க விலேன் எண் தருவோம். அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 12 பிட். ஆக மொத்தம் 4096 எண்கள், அதிலும் பயன்படுத்த முடிந்தது 4094. அலுவலகத்துக்கு அது தாராளம். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே கூரையில் வைத்திருக்கும் கிளவுட் நிறுவனத்துக்குப் போதவே போதாது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த மார்ட்டின் கசாடோ, நெட்வொர்க்கின் மூளையைப் பெட்டிகளிலிருந்து பிரித்து மென்பொருளில் வைக்கலாம் என்ற யோசனையை வளர்த்தார். நிக் மெக்கியோன், ஸ்காட் ஷென்கர் ஆகியோருடன் சேர்ந்து 2007-இல் நிசிரா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2012 ஜூலையில் விஎம்வேர் அதைச் சுமார் 126 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இப்படி நெட்வொர்க்கை மென்பொருளாக அமைக்கும் நெட்வொர்க் விர்ச்சுவலைசேஷன் ஆராய்ச்சிக்கூடத்தைத் தாண்டிவிட்டது என்று தொழிலில் இருந்த எல்லோருக்கும் அன்றைக்குப் புரிந்தது.

மூட்டையும் டிக்கியும்

இது எப்படி ஓடுகிறது என்பதை அவனுக்கு பஸ் பார்சலை வைத்துச் சொன்னேன். சேலத்திலிருந்து பாட்டி ஒரு மாம்பழக் கூடை அனுப்புகிறாள். கூடை மேல் உன் பெயரும் கதவு எண்ணும் எழுதியிருக்கிறது. பார்சல் ஆபீஸ்காரர் கூடையைச் சாக்குக்குள் போட்டுத் தைத்து, 'சேலம் – சென்னை' என்று சீட்டு ஒட்டுகிறார். பஸ் டிரைவருக்குத் தெரிய வேண்டியது அந்தச் சீட்டு மட்டும்தான். சென்னையில் சாக்கைப் பிரித்த பிறகுதான் உன் பெயர் தெரியும்.

விஎக்ஸ்லேன் செய்வது அதையே. விஎம் அனுப்பும் பாக்கெட்டை அப்படியே இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்துத் தைத்துவிடுகிறது. நடுவில் இருக்கும் ஸ்விட்ச்சும் ரவுட்டரும் வெளிச்சீட்டைப் பார்த்து அனுப்புகின்றன. உள்ளே யாருடைய நெட்வொர்க் என்று அவற்றுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். 2014-இல் ஆர்எஃப்சி 7348 என்ற எண்ணுள்ள இணைய ஆவணமாக இதன் விவரம் வெளியானது. நெட்வொர்க் எண்ணுக்கு இதில் 24 பிட் இடம்: 1,67,77,216 எண்கள். 4096-இல் முட்டிக்கொண்டிருந்த தொழிலுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் கிடைத்தது.

சாக்கு போட்டால் கூடை பெருத்துவிடும். அவனுடைய நேர்காணல் கேள்விக்கு விடை அந்தப் பெருக்கத்தில்தான் இருந்தது. நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் அவனையே கணக்குப் போடச் சொன்னேன். வெளி ஐபி தலைப்புக்கு 20 பைட், யூடிபி தலைப்புக்கு 8, விஎக்ஸ்லேன் தலைப்புக்கு 8, உள்ளே இருக்கும் ஈதர்நெட் தலைப்புக்கு 14. கூட்டினால் 50. வழக்கமான நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரைதான் போகலாம், அதுதான் எம்டியூ. விஎம் 1500 பைட் அனுப்பினால் சாக்கோடு சேர்த்து 1550 ஆகிறது. பஸ் டிக்கி 1500-க்கு அளந்து செய்தது. மூட்டை உள்ளே நுழையாது.

"அப்ப பிங் மட்டும் எப்படி மாமா போகுது?"

"அது சின்னப் பொட்டலம்டா. நூறு பைட் கூட வராது. லாகினும் அப்படித்தான். பெரிய ஃபைல்தான் ஒவ்வொரு பாக்கெட்டையும் 1500 வரைக்கும் ரொப்பி அனுப்பும்."

தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தீர்வு இரண்டே. நடுவில் உள்ள ஸ்விட்ச்சுகளில் எம்டியூவை 1600 அல்லது அதற்கு மேல் உயர்த்த வேண்டும். இல்லையென்றால் விஎம்மில் 1450 ஆகக் குறைக்க வேண்டும்.

சோறு இல்லாத பந்தி

அவன் அடுத்து எழுதப்போகும் தேர்வில் சாஃப்ட்வேர் லோடு பேலன்சிங்கும் ஒரு பாடம். ஒரே இணையதளத்துக்கு வரும் கூட்டத்தைப் பல சர்வர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வேலை அது. ஒரு காலத்தில் இதற்கென்று விலையுயர்ந்த தனிப் பெட்டி வாங்க வேண்டும். சீனாவில் வென்சோங் ஜாங் 1998-இல் தொடங்கிய லினக்ஸ் விர்ச்சுவல் சர்வர், பிரான்சின் வில்லி டரோ 2001-இல் வெளியிட்ட ஹெச்ஏபிராக்ஸி போன்ற இலவச மென்பொருள்கள் அந்த வேலையைச் சாதாரண கணினிக்குக் கொண்டுவந்தன. கூகுள் தன் சேவைகளுக்கு 2008 முதல் மேக்லெவ் என்ற சொந்த மென்பொருளைப் பயன்படுத்தி வருவதாக 2016-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் சொன்னது.

கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒரு பெரியப்பா நிற்பாரே, அவர்தான் லோடு பேலன்சர். வருகிறவர்களை வரிசை பார்த்து அனுப்புவார். சாப்பிட்டவர்கள் அவரைத் தாண்டித் திரும்பி வர வேண்டியதில்லை, பின்வாசல் வழியாகத் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போகலாம். மேக்லெவும் அப்படித்தான்: கேள்வி அதன் வழியாக வரும், பதில் சர்வரிலிருந்து நேராகப் போய்விடும். பதில்தான் பெரும்பாலும் அளவில் பெரியது என்பதால், ஒரு பெரியப்பாவால் பெரிய கூட்டத்தைச் சமாளிக்க முடிகிறது.

புத்தகத்தில் படித்து மட்டும் புரியாத ஒன்றை எனக்குக் கற்றுத் தந்தது ஓர் இரவு. அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் மூன்று வெப் சர்வர்கள். ஒன்றில் டேட்டாபேஸ் தொடர்பு அறுந்துவிட்டது. ஆனால் போர்ட் திறந்தே இருந்தது. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக், போர்ட்டை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு 'நலம்' என்றது. இலை போட்டிருக்கிறதா என்று பார்த்தவர், சோறு வந்ததா என்று பார்க்கவில்லை.

அடுத்து நடந்தது அதைவிடக் கொடுமை. எங்கே கூட்டம் குறைவோ அங்கே அனுப்பு என்று விதி வைத்திருந்தோம். கெட்டுப்போன சர்வர் வந்தவர்களுக்குச் சட்டென்று பிழைச் செய்தி காட்டித் திருப்பி அனுப்பியதால் அதனிடம் கூட்டமே சேரவில்லை. ஆக, வருகிறவர்களில் பெரும்பகுதியை லோடு பேலன்சர் அங்கேயே தள்ளியது. சோறில்லாத வரிசையில் எல்லோரும் உடனே எழுந்து போக, அது காலியாக இருக்கிறதே என்று பெரியப்பா மேலும் மேலும் ஆளை அனுப்பிக்கொண்டிருந்தார். ஹெல்த் செக் உள்ளே ஒரு பக்கத்தைத் திறந்து டேட்டாபேஸ் வரை போய்ப் பார்க்கும்படி மாற்றி முடித்தபோது விடிந்துவிட்டது. அன்றிலிருந்து லோடு பேலன்சர் என்றால் நான் முதலில் பார்ப்பது ஹெல்த் செக்கைத்தான்.

பெயர் மாறும், பாடம் நிற்கும்

சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளையின் விண்ணப்பத்தை முதல் வடிகட்டலில் காப்பாற்றுவது பல நேரம் அந்தத் தாள்தான். சிஸ்கோவின் சிசிஎன்ஏ 2020 பிப்ரவரியிலிருந்து ஒரே தேர்வு, இரண்டு மணி நேரம். தேறினால் மூன்று ஆண்டுக்குச் செல்லும். அதன் பாடத்திட்டத்திலேயே விர்ச்சுவலைசேஷனும், மென்பொருள் வழி நெட்வொர்க்கும் உண்டு. 1993-இல் தொடங்கிய சிசிஐஇ சான்றிதழுக்கோ எட்டு மணி நேரச் செய்முறைத் தேர்வு இருக்கிறது. அங்கே மனப்பாடம் எடுபடாது.

ஆனால் தாளின் பெயர் நிலைப்பதில்லை. விண்டோஸ் சர்வர் 2016-க்கான 70-741 தேர்வில் சாஃப்ட்வேர் லோடு பேலன்சிங்கும் நெட்வொர்க் விர்ச்சுவலைசேஷனும் பாடமாக இருந்தன. அது சேர்ந்திருந்த எம்சிஎஸ்ஏ சான்றிதழையே மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. 2023 நவம்பரில் விஎம்வேர் நிறுவனமே பிராட்காம் கைக்குப் போனது. இத்தனை மாற்றத்திலும் விஎக்ஸ்லேன் சாக்கின் எடை அதே 50 பைட்தான். 70-741-ஐப் புரிந்து படித்தவருக்கு இன்றைக்கும் அந்தப் படிப்பு சோறு போடும். டம்ப்ஸ் படித்தவருக்குத் தேர்வு போனதோடு படிப்பும் போயிற்று.

திண்ணையில் ஒரு லேப்

கைப்பழக்கத்துக்குப் பெரிய செலவு கிடையாது. அவனிடம் இருந்தது 8 ஜிபி நினைவகம் கொண்ட பழைய லேப்டாப். லினக்ஸின் கெர்னலில் 2012-லிருந்தே விஎக்ஸ்லேன் இருக்கிறது. ஹெச்ஏபிராக்ஸி இலவசம். இரண்டு சின்ன விஎம்களை எழுப்பி, நடுவில் விஎக்ஸ்லேன் போட்டு, எம்டியூவை வேண்டுமென்றே தப்பாக வைக்கச் சொன்னேன்.

'துண்டாக்காதே' என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்பினான். போகவில்லை. 1400 போனது. கூட்டிக்கொண்டே வந்தான். 1422 போனது, 1423 நின்றுவிட்டது. பிங்கின் சொந்தத் தலைப்புகள் 28 பைட். 1422-உடன் 28-ஐக் கூட்டினால் 1450. நாள்காட்டித் தாளில் போட்ட கணக்கு திரையில் அப்படியே வந்து நின்றபோது, "மாமா, இங்க வாங்க" என்று அவன் போட்ட சத்தத்தில் தெருநாய் குரைத்தது.

அடுத்த தேர்வுக்கு இன்னும் தேதி வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடப் படிக்கும் நண்பன் ஒருவன் இவன் வீட்டுக்கு வருகிறான். இவன் டீ போட உள்ளே போகும்போது, நண்பன் லேப்பில் ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் கெடுத்துவைக்கிறான்: ஒரு ரூட், ஒரு ஹெல்த் செக், ஒரு எண். திரும்பி வந்து இவன் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வாரம் மூன்று மணி நேரம் ஆனது. போன வாரம் டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டான். தேதி வாங்கிக்கொள்ளடா என்று சொல்லியிருக்கிறேன்.