உங்களுக்குத் தெரியுமா? துருவைத் தடுக்கும் ‘துரு’!

இரும்பு கேட்டுக்கு முதல் கோட்டாக அடிக்கிறோமே, ‘ரெட் ஆக்சைடு’ பிரைமர்... அதன் செங்காவி நிறம் இரும்பு ஆக்சைடிலிருந்து வருகிறது. துருவும் இரும்பு ஆக்சைடுதான், நீர் சேர்ந்தது. துரு பிடிக்காமலிருக்க நாம் பூசுவது அதன் ஒன்றுவிட்ட அண்ணனை!

• இந்தப் பொடி ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்து முடிந்தது. இனி துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை. ஈரத்துக்கு வழியடைத்துக் கிடப்பதே அதன் வேலை. துருவோடு நேரடியாக மல்லுக்கட்டுவதற்கென்று பல பிரைமர்களில் ஜிங்க் பாஸ்பேட்டைக் கூடவே சேர்க்கிறார்கள்.

• முன்பெல்லாம் ஈயச் செந்தூரம்தான் ராஜா. துருவைத் தடுப்பதில் கெட்டிக்காரன், ஆனால் நஞ்சு. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் (1937) இன்றும் செம்மஞ்சளாக நிற்பதற்கு இந்த ஈயப் பிரைமர்தான் காரணம். பாலத்துக்கு வந்திறங்கிய இரும்பின் சிவப்பு முதல் பூச்சு, கட்டடக் கலைஞர் இர்விங் மாரோவின் கண்ணில் பட்டு மனதிலும் ஒட்டிக்கொண்டது.

• உப்புக்காற்று விடாமல் அடிக்கும் பாம்பனில் 2025-இல் திறந்த புதிய ரயில் பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு.

• துத்தநாகத் தூள் நிறைந்த பெயிண்டில் கீறல் விழுந்தாலும் இரும்பு உடனே துருப்பிடிக்காது. துத்தநாகம் முந்திக்கொண்டு அரிபடும்.

• உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் துருவின் மேலேயே அடித்த பெயிண்ட், செதிலோடு செதிலாகக் கழன்று விழும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும்!