திருப்பிப் போடாத தோசை

சாத்தான்குளத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். டொரொண்டோவில் படிக்கும் அவர் மகள், எத்தியோப்பியச் சாப்பாட்டுக்கடை ஒன்றிலிருந்து படம் அனுப்பினாளாம். அகலத் தட்டை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு தோசை, அதன்மேல் ஏழெட்டுக் குழம்பு, சுற்றிலும் நாலு பேர், எல்லார் கையும் அந்த ஒரு தட்டில். "விலையும் மலிவாம். அது இருக்கட்டும். தோசை முழுக்க இத்தனை ஓட்டை எப்படி வந்தது? ஒரு பக்கம் மட்டும்தான் வேகவைப்பார்களாமே, மறுபக்கம் பச்சை மாவு வாடை அடிக்காதா?"

அடிக்காது. ஏன் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதற்கு முன் தானியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தோசைக்கு இஞ்சேரா என்று பெயர். தெஃப் என்ற புல்லரிசி மாவில் செய்வது. ஒரு கிராமில் ஏறக்குறைய 3,000 மணி இருக்கும். பக்கத்தில் வைத்தால் நம் கேழ்வரகே தடியாகத் தெரியும். மாவைத் தண்ணீரில் கரைத்து, முந்தின மாவின்மேல் தெளிந்து நின்ற மஞ்சள் நீரை உறையாக ஊற்றி, இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுவார்கள். ஈஸ்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் என்ன செய்யும் என்பது இட்லி தின்னும் யாருக்கும் தெரியும். கரியமில வாயு தாராளமாக வரும். அதைப் பிடித்துவைப்பதுதான் பாடு. கோதுமையில் குளூட்டன் என்ற வலை இருக்கிறது. இட்லிக்கு உளுந்தின் வழவழப்பு இருக்கிறது. தெஃப்பில் இரண்டும் கிடையாது.

எத்தியோப்பியப் பெண்கள் இதற்குக் கண்ட வழி அழகானது. புளித்த மாவில் ஒரு பங்கை எடுத்துத் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கூழாகக் காய்ச்சுவார்கள். ஆறவைத்து அதை மீதி மாவிலேயே கலப்பார்கள். வெந்த ஸ்டார்ச் தண்ணீரை உறிஞ்சி வீங்கியிருக்கும். அதனால் மாவுக்குப் பிசுபிசுப்பு வரும், குமிழி தப்பாது. வெந்த ஸ்டார்ச்சை நுண்ணுயிர்கள் சுலபமாகத் தின்னும் என்பதால் மாவும் மறுபடி பொங்கும். மலையாளக் கரையில் ஆப்பத்துக்குக் கப்பி காய்ச்சுவது இதே வேலைதான். ஆப்பத்துக்கு அரைக்கும்போது நம் வீட்டில் ஒரு பிடி சோறு போடுவதும் இதற்காகத்தான். யார் யாரிடம் கற்றார்கள் என்று கிளம்ப வேண்டாம்; ஓட்டை வேண்டியவர்களெல்லாம் தனித்தனியே கண்டுபிடித்திருக்கலாம்.

இனி அடுப்பு. அரை மீட்டருக்கும் மேல் அகலமான தட்டைக் கல்லில், விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சுருள் சுருளாக மாவை ஊற்றுவார்கள். உடனே மூட மாட்டார்கள். அடிமாவு சூடானதும் கரைந்திருந்த வாயு வெளியேறும், ஏற்கெனவே இருந்த சிறு குமிழிகள் ஊதும், நீராவியும் சேர்ந்துகொள்ளும். எல்லாம் மேலே போகத் துடிக்கும். குலசேகரப்பட்டினத்துத் தசராவில் சூரசம்ஹாரம் முடிந்த கையோடு கடற்கரையைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பஸ்ஸுக்குக் கிளம்புவார்கள். யாரோ ஒருவர் தோளால் இடித்து வழி உண்டாக்கினால் பின்னால் இருபது பேர் அதே வழியில் நுழைவார்கள். தனி வழி தேடுவோர் கிடையாது. நீராவியும் முதல் குமிழி திறந்த குழாயிலேயே ஏறும். கூட்டம் இளகலாக இருந்தால் வழி பின்னாலேயே மூடிக்கொள்ளும்: மாவு நீர்த்துவிட்டது. கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றால் வழியே பிறக்காது: மாவு கெட்டி. இடித்தவர் தாண்டிய மறுநொடி இருபுறமும் நிற்பவர்கள் சிலையாகிவிட்டால்தான் சந்து நிலைக்கும். கல்லில் அந்தச் சிலையாக்கும் வேலையைச் சூடு செய்கிறது; கீழிருந்து மேலாக ஸ்டார்ச் வெந்து இறுகிக்கொண்டே வரும்போது குமிழி போன தடம் அப்படியே குழாயாக நின்றுவிடுகிறது. காளி வேடக்காரர்களையும் தீச்சட்டியையும் மாவில் எங்கே வைப்பது என்று எனக்கே தெரியவில்லை, விட்டுவிடுவோம்.

ஓட்டைகள் திறந்த பிறகுதான் மூடி. உள்ளே அடைபட்ட நீராவி மேற்பக்கத்தை வேகவைத்துவிடும். பச்சை வாடைக்கு இடமில்லை. திருப்பிப் போட்டால் இவ்வளவு பாடுபட்டுத் திறந்ததெல்லாம் நசுங்கி அடைபடும். ஓட்டைப் பக்கத்தை மேலே வைத்துக் குழம்பு ஊற்றுவதும் காரணத்தோடுதான். மேலே பஞ்சாக உறிஞ்சும், வழவழப்பான அடிப்பக்கம் ஒழுகாமல் தாங்கும். நம் ஆப்பத்தில் சட்டியின் குழிவால் மாவு நடுவில் தேங்கி அங்கே மட்டும் ஓட்டை விழுகிறது. ஓரம் மெலிந்து முறுகிவிடுகிறது. இஞ்சேரா முழுக்க நடு ஆப்பம்.

வரலாறு கேட்காமல் விடமாட்டீர்கள். கிறிஸ்து பிறந்த முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் ஒருவர் எழுதிய பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பில், பழைய எத்தியோப்பிய அரசான அக்சுமின் துறைமுகமான அடுலிஸும் வருகிறது, நம் கொற்கையும் வருகிறது. கொற்கையில் தண்டனைக் கைதிகள் முத்துக் குளித்தார்கள் என்கிறது. அடுலிஸுக்கு இந்தியாவிலிருந்து இரும்பும் பருத்தித் துணியும் போயின என்கிறது. தோசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரும்பு இப்போது எதிர்த்திசையில் விற்கப்படுகிறது. தெஃப் 'சூப்பர் உணவு', அதில் இரும்புச்சத்து கொட்டிக்கிடக்கிறது என்று பாக்கெட்டுகள் சொல்கின்றன. கொட்டிக்கிடப்பதில் ஒரு பங்கு களத்து மண். மாட்டை விட்டுத் தரையில் போரடிக்கும்போது அந்தப் பொடி மணிகளில் மண் ஒட்டிக்கொள்கிறது. கழுவிப் பார்த்தால் அளவு குறைகிறது. சாத்தான்குளத்துத் தேரி மணலின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான். அங்கே கதிரடித்தால் நம் சாமையும் ஆய்வகத்தில் சூப்பராகிவிடும். ரத்தத்தில் சேருமா என்பது வேறு சங்கதி. இந்த ஆரவாரத்தில் ஒரு நெதர்லாந்து நிறுவனம் தெஃப் மாவுக்கு ஐரோப்பியக் காப்புரிமையே வாங்கிவிட்டது, 2007-இல். அதில் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை என்று ஹேக் நீதிமன்றம் 2018-இல் அந்நாட்டில் அதைச் செல்லாததாக்கியது.

மலிவு விஷயம். எத்தியோப்பியா 2006-இல் தெஃப் தானிய ஏற்றுமதியைத் தடைசெய்து, பல ஆண்டுகள் கழித்துத்தான் தளர்த்தியது. வெளிநாட்டில் அது விலை கூடிய மாவு. ஆகவே மலிவுக் கடைகள் பலவற்றில் கோதுமையோ பார்லியோ கலந்திருக்கும். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இதனால் கெடுதல் இல்லை. குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சிநேகிதி கூட வந்தால் மட்டும், தனித் தெஃப்பா என்று மகள் கேட்டுவிடட்டும். சைவம் என்றால் கவலையே வேண்டாம்: எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் விரதம், அன்று இறைச்சி, பால், நெய் எதுவும் தொடமாட்டார்கள். விரதத் தட்டு என்று கேட்டால் பருப்பு, கடலைமாவுக் குழம்பு, கீரை எல்லாம் வரும்.

ஊரிலேயே செய்து பார்க்க நினைத்தால் கேழ்வரகு மாவு போதும். இரண்டு நாள் புளிக்கவிட்டு, ஒரு டம்ளர் மாவைக் கூழாகக் காய்ச்சி ஆறவைத்துக் கலந்து, மறுபடி பொங்கியதும் கனமான கல்லில் எண்ணெய் தடவாமல் ஊற்றுங்கள். ஓட்டைகள் விழுந்த பிறகு மூடுங்கள். விழவில்லை என்றால் கொஞ்சம் தண்ணீர் சேருங்கள். விழுந்து மூடிக்கொண்டால் இன்னும் கொஞ்சம் கூழ்.