சைக்கிள் மிதித்தால் முட்டி வலிப்பது ஏன்?

சீட் தாழ்வாக இருந்தால், பெடல் மேலே வரும்போது முட்டி அளவுக்கு மீறி மடங்கும். அந்த நிலையில் அழுத்தி மிதிக்க, முட்டிச் சில்லு தொடை எலும்போடு அழுந்தும், முன்பக்கம் வலிக்கும். சீட் ரொம்ப உயர்ந்தாலோ இடுப்பு இருபுறமும் ஆடும், வலி முட்டிக்குப் பின்னால் போகும். குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை மிதித்துப் பாருங்கள்: கால் நேராக நீண்டால் ஏறக்குறைய அதுதான் சரியான உயரம்.

அளவெடுத்துச் செய்யும் சைக்கிளில் பலரும் ஃபிரேமுக்கே பணத்தைக் கொட்டுகிறார்கள். முட்டி மடங்கும் அளவை மாற்றும் கிராங்கின், அதாவது பெடலைத் தாங்கும் தண்டின், நீளத்தை யாரும் கேட்பதில்லை. 175 மி.மீ. கிராங்கை 165 ஆக்கி, சீட்டை 10 மி.மீ. ஏற்றினால், பெடல் உச்சியில் நிற்கையில் சீட்டுக்கும் அதற்குமான இடைவெளி 20 மி.மீ. கூடும். அந்த அளவுக்கு முட்டி மடங்குவது குறையும். உயரம் குறைந்தவர்கள் ஃபிரேமுக்கு முன்பணம் கொடுப்பதற்குள் கிராங்கைத் தீர்மானித்துவிடுங்கள்.