ஆராய்ச்சிசாலைச் சிப்பந்திகள்

சர்வகலாசாலைகளின் கீர்த்தியைப் பேசுவோர் பேராசிரியர்களின் பெயர்களையே சொல்லுகின்றனர். ஆராய்ச்சிசாலையில் கருவிகளையும் பிராணிகளையும் பேணி, கைவேலையெல்லாம் செய்யும் சிப்பந்திகளை நினைப்பவர் யார்?

தென்னாப்பிரிக்காவில், கேப் டவுன் சர்வகலாசாலையில் ஹாமில்டன் நாகி என்னும் கறுப்பர் தோட்டவேலை செய்துவந்தார். அவருடைய பள்ளிப்படிப்பு 14 வயதோடு நின்றுவிட்டது. 1954-ல் ராபர்ட் கோட்ஸ் என்ற வைத்தியர், பரிசோதனைக்குக் கொணர்ந்த ஒட்டகச்சிவிங்கியைப் பிடித்துக்கொள்ள அவரை அழைத்தார். அன்று பிடித்த கை, பின்னர் மயக்கமருந்து கொடுக்கவும், பிராணிகளுக்கு உறுப்பு மாற்று ரணசிகிச்சை செய்யவும் தேர்ந்தது. பட்டம் பெற்ற வைத்தியர்கள் பலர் அவரிடம் அவ்வித்தையைக் கற்றனர். நிறவேற்றுமை அரசாண்ட அந்நாட்டில் அவர்களுடைய பட்டம் மட்டும் அவருக்கு எட்டாக்கனியாயிற்று.

1967-ல் பர்னார்ட் செய்த முதல் மனித இருதய மாற்றத்தில் நாகியும் கத்தி பிடித்தாரெனப் பத்திரிகைகள் எழுதின. அவர் காலமான 2005-ல் அது பொய்யெனத் திருத்தமும் வெளியிட்டன. இந்தப் பொய்யலங்காரம் எதற்கு? ஆராய்ச்சிசாலை ஊழியம் பெருமைக்குப் போதாதென்ற எண்ணமன்றோ இதற்குக் காரணம்? அவ்வெண்ணத்தை நாம் ஒப்போம். வேலையிலிருக்கும்போதே சிப்பந்திக்குத் தகுந்த பதவிப்பெயரும், மேலே ஏற வழியும் வேண்டுமென்பதே நம் கோரிக்கை. நாகிக்குச் சர்வகலாசாலை கௌரவப் பட்டம் அளித்தது 2003-ல்; அவர் ஓய்வு பெற்றதோ 1991-ல்.