கல்லாவில் உட்காராத முதலாளி

ஜார்ஜ்டவுன் குட்டி இந்தியாவில், லெபோ பாசார் பக்கம் உள்ள ஒரு பழைய துணிக்கடைக்குள் நுழைந்து பாருங்கள். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். சேலையில் சாயம் போனால் நேராக அவரிடமே போய்க் கேட்கலாம். அவர் பதில் சொல்லும் விதத்தை வைத்தே, அடுத்த தீபாவளிக்கு அந்தக் கடைக்கு வருவதா வேண்டாமா என்று நம் அம்மாக்கள் முடிவு செய்துவிடுவார்கள்.

அங்கிருந்து தெற்கே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போனால் கதை வேறு. அங்கே உருவாகும் மின்னணுச் சில்லுகள் உலகெங்கும் கணினிகளுக்குள் போய்ச் சேர்கின்றன. ஆனால் அந்த நிறுவனங்களின் தலைவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால், உள்ளே வேலை செய்பவர்களில் பலருக்கே சொல்லத் தெரியாது. அவர்களில் பலர் கடல் கடந்த ஏதோ ஓர் ஊரில் இருப்பார்கள். கல்லாவில் உட்கார்ந்து முகம் காட்ட அவர்களால் முடியாது.

அந்த இடைவெளியை இன்று சமூக ஊடகம் நிரப்புகிறது. லிங்க்ட்இன், எக்ஸ், முகநூல் ஆகிய தளங்களில் நிறுவனத் தலைவர்கள் தங்கள் பெயரிலேயே எழுதுகிறார்கள். அல்லது அவர்களுக்காக யாரோ எழுதுகிறார்கள். அந்த ‘யாரோ’ நாளை நீங்களாக இருக்கலாம். தொடர்புத் துறை, ஊடகவியல், வணிகவியல் படிக்கும் மாணவர்களுக்கு இது ஒரு முழுநேர வேலை. அதனால் இந்த வேலை உண்மையில் எதற்கு, எங்கே தவறுகிறது என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பினாங்கையும் தொட்ட ஒரு பதிவு

2025 ஆகஸ்ட் 7ஆம் தேதி அமெரிக்க அதிபர் டோனல்ட் டிரம்ப் தம் சமூக ஊடகத் தளத்தில் ஒரு சிறு பதிவு போட்டார். இன்டெல் நிறுவனத்தின் தலைமைச் செயல்முறை அதிகாரி உடனே பதவி விலக வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த அதிகாரி லிப் பூ டான். ஜொகூர் மூவாரில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்தவர். அவர் பொறுப்பேற்று ஐந்து மாதம்கூட ஆகவில்லை. சீன நிறுவனங்களில் அவர் செய்திருந்த முதலீடுகளைக் காட்டி, அவர்மீது கேள்விகள் எழுப்பப்பட்டிருந்தன.

பினாங்குக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் அமைத்த முதல் தொழிற்சாலை 1972இல் இங்கேதான் வந்தது. அந்த நிறுவனத்தின் தலைமை ஆடினால் பாயான் லெப்பாசில் பல வீடுகளில் தூக்கம் போகும்.

லிப் பூ டான் என்ன செய்தார்? அதிபரோடு சமூக ஊடகத்தில் மல்லுக்கு நிற்கவில்லை. அன்றே தம் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது நிறுவனத்தின் இணையத்தளத்திலும் வெளியானது. தம் பழைய பொறுப்புகளைப் பற்றித் தவறான தகவல்கள் பரவுகின்றன என்றும், சட்டத்துக்கும் நெறிக்கும் உட்பட்டே தாம் பணியாற்றி வந்ததாகவும் அதில் சொன்னார். இயக்குநர் வாரியம் தம் பக்கம் நிற்பதையும் குறிப்பிட்டார். நான்கு நாள்களில் வெள்ளை மாளிகையில் அதிபரைச் சந்தித்தார். அதன்பின் அதிபரின் பேச்சும் மாறியது.

கடிதம் ஒன்றே எல்லாவற்றையும் மாற்றியது என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. கெட்ட நாளில் தலைவர் முதலில் பேச வேண்டியது தம் ஆட்களிடம். அதுவும் தெளிவாக, சுற்றி வளைக்காமல், அன்றைக்கே.

ஒரே மனிதர், இரண்டு பதிவுகள்

நம் நாட்டிலேயே இன்னும் நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பார்ப்போம். டோனி பெர்னாண்டஸ், 2001இல் கடனில் தத்தளித்த ஏர் ஏசியாவை ஒரு ரிங்கிட் விலைக்குத் தம் கூட்டாளிகளுடன் வாங்கியவர். மலேசிய நிறுவனத் தலைவர்களில் சமூக ஊடகத்தை முன்கூட்டியே கையில் எடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

2014 டிசம்பர் 28ஆம் தேதி, சுராபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட ஏர் ஏசியா இந்தோனேசியா விமானம் கியூஇசட் 8501 காணாமல் போனது. அதில் 162 பேர் இருந்தார்கள். ஒருவரும் உயிர் பிழைக்கவில்லை. செய்தி வந்த சில மணி நேரத்தில் பெர்னாண்டஸ் ட்விட்டரில் எழுதத் தொடங்கினார். தாம் சுராபாயாவுக்குப் போவதைச் சொன்னார். ஊழியர்களைத் தைரியமாக இருக்கச் சொன்னார். இதுதான் தமக்கு வந்த மிக மோசமான கெட்ட கனவு என்று எழுதினார். நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கங்களில் வழக்கமான சிவப்புச் சின்னம் சாம்பல் நிறமானது. அவரும் நேரில் போய்க் குடும்பங்களைச் சந்தித்தார்.

அந்த எழுத்து எடுபட்டதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அவர் அன்றைக்கு மட்டும் எழுதவில்லை. பல ஆண்டுகளாக அதே குரலில் பேசி வந்தவர். இரண்டு, எழுதியதைச் செய்தார். போகிறேன் என்றார், போனார்.

இன்னொரு பதிவு 2023 அக்டோபரில் வந்தது. நிர்வாகக் கூட்டம் ஒன்றில், சட்டை இல்லாமல் உட்கார்ந்து உடம்பு பிடித்துவிடச் செய்துகொள்ளும் படத்தை லிங்க்ட்இன்னில் போட்டு, தங்கள் நிறுவனக் கலாசாரத்தைப் பாராட்டினார். கண்டனங்கள் குவிந்தன. இப்படி ஒரு முதலாளியின் முன் பெண் ஊழியர்கள் எப்படி நிம்மதியாக உட்கார்ந்து பேசுவார்கள் என்று பலர் கேட்டார்கள். பதிவு நீக்கப்பட்டது. நீண்ட விமானப் பயணக் களைப்பில் நடந்தது, யாரையும் புண்படுத்தும் எண்ணமில்லை என்று பிறகு விளக்கமும் தந்தார்.

மனிதர் ஒருவர்தான். வெளிப்படையாகப் பேசும் அதே பழக்கம்தான். அது ஒரு நாள் காப்பாற்றியது, ஒரு நாள் கவிழ்த்தது. வித்தியாசம் எங்கே? முதல் பதிவு, படிப்பவர்களுக்கு என்ன தேவை என்று பார்த்தது. இரண்டாவது, போடுபவர் எப்படித் தெரிகிறார் என்று மட்டும் பார்த்தது. ‘இதை நம் வரவேற்பறை ஊழியர் பார்த்தால் என்ன நினைப்பார்?’ என்று பக்கத்தில் இருந்த ஒருவர் கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி.

ஒன்றை மறக்க வேண்டாம். நல்ல பதிவு நிறுவனத்தைக் குற்றத்திலிருந்து விடுவிக்காது. 2015 டிசம்பரில் இந்தோனேசிய விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. விமானத்தின் கருவிக் கோளாற்றையும், விமானிகள் அதைக் கையாண்ட விதத்தையும் அது சுட்டியது. ஆறுதல் வார்த்தை ஒரு பக்கம், கணக்குக் கேட்பது இன்னொரு பக்கம். இரண்டையும் கலக்கக் கூடாது.

தென்காசியிலிருந்து ஒரு குரல்

தமிழர்களிடையே இதற்கு நல்ல உதாரணம் ஸ்ரீதர் வேம்பு. ஸோகோ நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். அமெரிக்காவிலிருந்து தென்காசி வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்தே எக்ஸ் தளத்தில் எழுதி வருகிறார். 2025 செப்டம்பர் இறுதியில் ஸோகோவின் ‘அரட்டை’ செயலி திடீரென்று பிரபலமானது. நாளுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த செயலியில், மூன்றே நாளில் அந்த எண்ணிக்கை 3 லட்சத்து 50 ஆயிரத்தைத் தொட்டது என்று வேம்புவே அறிவித்தார்.

வேறு ஒருவராக இருந்தால் அந்த எண்ணிக்கையோடு நிறுத்தியிருப்பார். அவர் அடுத்ததையும் சொன்னார். நவம்பரில் பெரிய வெளியீட்டுக்குத் திட்டமிட்டிருந்தோம், அதற்குள் கூட்டம் வந்துவிட்டது, அவசர அவசரமாக வசதிகளைக் கூட்டுகிறோம் என்றார். செயலி தடுமாறினால் ஏன் என்று பயனர்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. குறையைத் தானே முதலில் சொல்பவரை மற்றவர்கள் மாட்டிவிட முடியாது.

எழுதிக் கொடுப்பது ஏமாற்று வேலையா?

மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. தலைவர் பெயரில் இன்னொருவர் எழுதுவது பொய்யில்லையா?

அமைச்சர்களின் உரையைக்கூட பெரும்பாலும் உதவியாளர்கள்தான் எழுதித் தருகிறார்கள். அதை யாரும் பொய் என்பதில்லை. காரணம், அதைப் படித்து, ஏற்று, சொன்னதற்குப் பொறுப்பேற்பவர் அமைச்சர். கோடு அங்கேதான் இருக்கிறது. தலைவரின் கருத்தை நல்ல சொற்களில் எழுதலாம். அவருக்கு இல்லாத கருத்தை, அவர் படிக்காத புத்தகத்தை, அவர் போகாத இடத்தை எழுதக் கூடாது. ஊழியர் ஒருவர் மின்தூக்கியில் அவரைப் பார்த்து, “நேற்று நீங்கள் எழுதியது நன்றாக இருந்தது” என்று சொன்னால், அவர் விழிக்காமல் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் பத்துப் பதிவு எழுதித் தரும் காலம் இது. தலைவர்களின் முகத்தையும் குரலையும் போலியாக்கி முதலீட்டு மோசடி செய்பவர்களும் இருக்கிறார்கள். அவருடைய உண்மையான பக்கத்தில் அவருடைய உண்மையான பேச்சு இருந்தால்தான், போலியை மக்கள் அடையாளம் காண முடியும்.

வேலை எப்படி நடக்கிறது?

முதல் வேலை எழுதுவது அல்ல, கேட்பது. தலைவருடன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவரைப் பேசவிட வேண்டும். அவர் ‘எங்க ஆளுங்க’ என்று சொன்னால், அதை ‘மனிதவள மூலதனம்’ என்று மாற்றக் கூடாது.

இரண்டாவது, அவர் எதைப் பற்றிப் பேசுவார் என்று மூன்று விஷயங்களை முடிவு செய்வது. ஊழியர் பயிற்சி, புதிய தொழில்நுட்பம், பினாங்கில் வளர்ந்த அனுபவம் என்று இருக்கலாம். எல்லாவற்றையும் பற்றிப் பேசுபவரை யாரும் நினைவில் வைப்பதில்லை.

மூன்றாவது, இடம். பொறியாளர்களையும் முதலீட்டாளர்களையும் தேடினால் லிங்க்ட்இன். உள்ளூர்க் குடும்பங்களைச் சென்றடைய முகநூல். எஸ்பிஎம் முடித்த பிள்ளைகளைக் கவர டிக்டாக்.

நான்காவது, யார் எழுதுவார், யார் சரிபார்ப்பார், யார் அனுமதி தருவார் என்று எழுத்தில் வைத்துக்கொள்வது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம், பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவலைப் புர்சா மலேசியா வழியாக அறிவிக்க வேண்டும். தலைவர் உற்சாகத்தில் அதை முகநூலில் முதலில் உளறினால் சிக்கல்தான். 2018இல் டெஸ்லாவைத் தனியார் நிறுவனமாக மாற்றப் பணம் தயார் என்று ஈலோன் மஸ்க் ட்விட்டரில் எழுதினார். அந்த ஒரு வரிக்காக அவரும் டெஸ்லாவும் தலா 2 கோடி டாலர் அபராதம் செலுத்தினார்கள். இயக்குநர் வாரியத் தலைவர் பதவியையும் அவர் விட வேண்டியதாயிற்று.

ஐந்தாவது, கெட்ட நாளுக்கான ஏற்பாடு. 1975இல் பினாங்கு இன்டெல் ஆலை தீக்கிரையானது. அப்போது வெளியூர்க்காரர்கள் பத்திரிகை வந்த பிறகே படித்திருப்பார்கள். இன்று அப்படி ஒன்று நடந்தால், தீயணைப்பு வண்டி வருமுன் காணொளி வந்துவிடும். அந்த நேரத்தில், முன்பே நேரம் குறித்து வைத்த ‘எங்கள் ஆண்டு விருந்து அமர்க்களம்’ என்ற பதிவு தானாக வெளியானால் எப்படி இருக்கும்? அதை யார் நிறுத்துவார், கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, நள்ளிரவில் தலைவரை யார் எழுப்புவார் என்பதெல்லாம் அமைதியான நாளிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

இப்போதே தொடங்கலாம்

இதற்காகப் பட்டம் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். மலாய், ஆங்கிலம், தமிழ் என்று மூன்று மொழியில் ஒரே செய்தியை, மூன்று விதமான வாசகருக்கு ஏற்றபடி எழுதப் பழகுங்கள். பினாங்கு போன்ற இடத்தில் இது பெரிய பலம். நம்மில் பலர் அதைத் திறமையாகவே நினைப்பதில்லை.

அடுத்து ஒரு பயிற்சி. உங்களுக்குத் தெரிந்த ஒரு சிறு தொழில் முதலாளியைத் தேர்ந்தெடுங்கள். கார் பட்டறை வைத்திருக்கும் மாமாவாக இருக்கலாம், பலகாரம் செய்து விற்கும் பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம். அரை மணி நேரம் பேசவிட்டுக் கேளுங்கள். ஒரு வாடிக்கையாளரிடம் தவறு செய்து, அதைச் சரிசெய்த கதை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதை 150 சொற்களில், அவர் பேசுவதுபோல எழுதுங்கள்.

பிறகு அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். “நான் இப்படிச் சொல்லவே இல்லையே” என்றால், கோபப்படாமல் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். “ஆமாம், அப்படித்தான் நடந்தது” என்று சொன்னால், அவர் அனுமதியோடு அவர் பக்கத்தில் போடுங்கள். கீழே கேள்வி கேட்பவர்களுக்கு அவரையே பதில் சொல்லச் சொல்லுங்கள். வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது காட்ட உங்கள் கையில் ஒரு மாதிரி இருக்கும்.