படித்தது உள்ளம், பார்ப்பது பட்டியல்!

மனோதத்துவம் என்று பெரியவர்கள் அன்று சொன்னதை, உளவியல் என்று இன்று அழகு தமிழில் அழைக்கிறோம். பெயர் இனிக்கிறது, பாடம் இனிக்கிறது, பட்டமும் கிடைக்கிறது. பிறகு? அந்தப் 'பிறகு'தான் நாம் எழுப்ப விரும்பும் கேள்வி!

கல்லூரியில் சேரும் நாளில் மாணவியின் மனக்கண்ணில் நிற்பது என்ன? அமைதியான ஓர் அறை. எதிரே கலங்கிய கண்களுடன் ஒருவர். அவருக்குத் தெளிவு தரும் தான்! ஆண்டுகள் கழிகின்றன. வந்து அமரும் இடம் எது? நிறுவனத்துக்கு ஆள் பொறுக்கும் அலுவலகம். தொலைபேசியில் வசை கேட்கும் நாற்காலி. அல்லது ஒப்பந்தத்தில் பள்ளி ஆலோசகர் வேலை. உழைப்பில் இழிவில்லை, தோழர்களே! ஆனால் காட்டியது ஒன்று, கொடுத்தது வேறொன்று!

ஏன் இந்த நிலை? இடையே ஒரு வாயில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், பொதுவான உளவியல் பட்டம் ஒன்றை மட்டும் வைத்து எவரையும் மருத்துவ உளவியலர் என்று ஏற்பதில்லை. மேற்பார்வையின் கீழ் பெற்ற பயிற்சியையும் கேட்கிறது. கேட்கட்டும்! கத்தி பிடிக்கக் கல்லாதவனிடம் வயிற்றைக் காட்டுவோமா? உள்ளத்தை மட்டும் காட்டலாமா? வாயில் தேவைதான். வாயில் இருப்பதைச் சொல்லாமலே கட்டணம் வாங்குகிறார்களே, அதைத்தான் குற்றம் என்கிறோம்!

தேவை இல்லையா நாட்டில்? 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் மனநலக் கோளாறால் வாடுவதைக் கண்டது. அவர்களிலே பெரும்பாலோர்க்கு மருத்துவம் எட்டவில்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996இலேயே தொடங்கப்பட்டது. ஆனாலும் 'கீழ்ப்பாக்கம்' என்றால் கேலி பேசிச் சிரிக்கத்தானே இன்னும் பழகியிருக்கிறோம்! இரவு ஷிப்டு முடிந்தும் உறங்க முடியாத தொழிலாளி, குடியில் மூழ்கிய கணவனைக் காக்கத் துடிக்கும் மனைவி — இவர்கள் யாரிடம் செல்வர்?

ஒருபுறம், உதவ ஆளின்றி நோயாளி! மறுபுறம், உரிய வேலையின்றிப் பட்டதாரி! இரண்டையும் இணைக்கும் பாலம் பயிற்சி இடங்கள். அரசு மருத்துவமனைகளில் நிரந்தரப் பணியிடங்கள். அவற்றைப் பெருக்குக என்று கேட்போம்!

அதுவரை, நகையை அடகு வைத்துத் தங்கையைச் சேர்க்கப் போகும் தோழரே, பணம் கட்டுமுன் கல்லூரியிடம் கேளுங்கள்: "சென்ற ஆண்டு படித்து முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? எத்தனை பேருக்கு மேற்பயிற்சி கிடைத்தது?" விடை வரட்டும், பிறகு பணம் போகட்டும்!