பெட்டியில்லாத ஸ்பீக்கர்

ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்றை அழுத்துகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்றை இளக்குகிறது. ஆகவே எந்த ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளை எழுப்புகிறது. ஒன்று மற்றொன்றின் தலைகீழ். இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாடவிட்டால் தகர டப்பா போலக் கேட்பது இதனால்தான். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஒரு அடிக்குச் சற்று மேல். கூம்பின் அளவே அதற்கு ஒரு தடுப்பு. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ ஏறத்தாழ 7 மீட்டர். 8 அங்குலக் கூம்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பின்னால் கிளம்பியது விளிம்பைச் சுற்றி முன்னால் வந்துவிடும். பேஸ் காணாமல் போகும்.

இதைத் தடுக்க, பின்பக்க ஒலியைப் பெட்டிக்குள் பூட்டிவைக்கலாம். அல்லது அகலமான பலகையில் ஓட்டை போட்டு ஸ்பீக்கரை மாட்டி, பின்ஒலி சுற்றிவர வேண்டிய வழியை நீளமாக்கலாம். பலகை முறைதான் மூத்தது. 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் இன்றைய ஸ்பீக்கரின் மூதாதையை உருவாக்கியபோதே பலகையின் தேவையும் சேர்ந்து பேசப்பட்டது. நம் வீடுகளில் இருந்த பழைய வால்வு ரேடியோவும் இந்த வகைதான். அதன் முதுகில் துளைபோட்ட அட்டை ஒன்றுதான் இருக்கும். மூடிய பெட்டி போலத் தெரிந்தாலும் உண்மையில் அது மடித்துவைத்த பலகை.

இங்கிலாந்தில் வார்ஃபேடேல் நிறுவனத்தைத் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ் 1950களில் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். இரண்டு பிளைவுட் தகடுகளுக்கு நடுவே உலர்ந்த மணலைக் கொட்டி, அதிராத பலகை செய்து விற்றார். அதே பத்தாண்டில், 1954இல், எட்கர் வில்ச்சர் அமெரிக்காவில் வெளியிட்ட சிறிய மூடிய பெட்டி எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. அலமாரியில் அடங்கும் பெட்டியிலிருந்து ஆழமான பேஸ் வந்தது. அடுத்து ஸ்டீரியோ வந்து, ஒன்றுக்கு இரண்டாக ஸ்பீக்கர் வைக்க வேண்டியதானபோது, கூடத்தில் இரண்டு கதவுகளை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. பலகை தோற்றது இடத்தால். ஒலியில் அது தோற்கவில்லை.

பெட்டி வென்றதுதான் பழைய ஸ்பீக்கர்கள் மலிவாகக் கிடைப்பதற்கும் காரணம்; பெட்டிக்கு அவை ஒத்துவராது. ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளிவிட்டால் சில ஊஞ்சல்கள் உடனே நிற்கும். சில ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்பீக்கர் கூம்புக்கும் இப்படி ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. அந்த இடத்தில் அது எவ்வளவு அடங்காமல் ஆடுகிறது என்பதைக் குறிக்கும் எண்ணை ‘க்யூ-டி-எஸ்’ என்பார்கள். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் வெளியிட்ட கட்டுரையும், பின்னர் ரிச்சர்ட் ஸ்மால் செய்த ஆய்வும் இந்த அளவுகளை உலகப் பொதுவாக்கின. வலுவான காந்தம் கொண்ட இன்றைய வூஃபர்களில் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்களில்) இது 0.3, 0.4 என்று இருக்கும். துளையிட்ட பெட்டிக்கு அது பொருத்தம். பலகைக்கு 0.7 அல்லது அதற்கு மேல் வேண்டும். பலகையில் பேஸ் சரியும் இடத்தில் இந்த அடங்காத ஆட்டம் ஒரு மேடு எழுப்பிப் பள்ளத்தை நிரப்பும். பழைய ரேடியோகிராம்களிலும் வீட்டு ஆர்கன்களிலும் இருந்த ஸ்பீக்கர்கள் பலவும் சிறிய காந்தம், லேசான காகிதம், அகலமான கூம்பு என்று செய்யப்பட்டவை. பெட்டி செய்கிறவர்கள் ஒதுக்கும் குணமே இங்கே தேவைப்படும் குணம்.

அமெரிக்காவில் இதற்கான சுரங்கம் 1950, 60களின் மேக்னவாக்ஸ் போன்ற மரப்பெட்டி ஸ்டீரியோக்களும், கைவிடப்பட்ட ஆர்கன்களும். அவற்றிலிருந்து 12, 15 அங்குல வூஃபர்கள் கிடைக்கின்றன. ஸ்பீக்கரின் இரும்புச் சட்டத்தில் அச்சிட்ட எண்ணைப் பார்த்தாலே ஊரும் பேரும் தெரிந்துவிடும். 220 என்று தொடங்கினால் ஜென்சன், 465 ஆக்ஸ்ஃபோர்டு, 137 சி.டி.எஸ்.; 328 யூட்டா. அடுத்து வருவது ஆண்டும் வாரமும். 220614 என்றால் ஜென்சன், 6இல் முடியும் ஆண்டின் 14ஆம் வாரம். அது 1956ஆ 1966ஆ என்பதை மற்ற அடையாளங்களைக் கொண்டுதான் முடிவுசெய்ய வேண்டும். ஐரோப்பாவில் சாபா நிறுவனத்தின் பச்சைக் கூம்பு, பிலிப்ஸின் 9710 போன்ற 8 அங்குல ஸ்பீக்கர்களுக்குத் தனி மவுசு. பெயர் பெற்றவை என்பதாலேயே அவை இப்போது மலிவு இல்லை. பெயரில்லாத ரேடியோ ஸ்பீக்கரே போதும் என்று தொடங்குவது புத்திசாலித்தனம்.

வாங்குமுன் சோதனை செய்ய ஐந்து நிமிடம் போதும். இரண்டு கை விரல்களாலும் கூம்பைச் சமமாக மெல்ல அழுத்திவிட வேண்டும். சரசரவென்று உரசல் கேட்டால் கூம்பின் அடியில் இருக்கும் கம்பிச்சுருளான காயில் காந்தத்தில் இடிக்கிறது; வைத்துவிட்டு வந்துவிடலாம். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும். ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டெடுத்தால் ‘டப்’ என்ற சத்தத்தோடு கூம்பு நகரும். ஜோடி ஸ்பீக்கர் இரண்டும் ஒரே திசையில் நகர்கின்றனவா என்று பார்த்து முனைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் சிவப்பு முனைக்குப் பிளஸ் கொடுத்தால் கூம்பு பின்னால் போகும். ஆகவே அச்சை நம்பக் கூடாது. கூம்பில் சின்னக் கிழிசல் குறையல்ல. மெல்லிய காகிதத்தைத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் ஒட்டினால் சரியாகிவிடும். ஓரத்தில் ஃபோம் வைத்தவை பதினைந்து இருபது ஆண்டில் பொடியாகிவிடும். அதற்கு முந்தைய மடிப்புக் காகிதமும் துணியும் இன்றும் நிற்கின்றன. நிலைக்காந்தம் இல்லாமல் மின்காந்தத்தில் ஓடும் ஃபீல்டு காயில் வகைக்குத் தனியே நேர்மின்சாரம் தர வேண்டும். புதியவர்களுக்கு அது வேண்டாம்.

வால்வு ரேடியோவைப் பிரிக்கும்போது பிளக்கைப் பிடுங்கியபிறகும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஸ்பீக்கர் சட்டத்திலேயே சிறிய டிரான்ஸ்ஃபார்மர் பொருத்தியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, கூம்புக்குப் போகும் ஒயர்களில்தான் ஆம்ப்ளிஃபையரை இணைக்க வேண்டும். இவற்றில் பல 3 முதல் 5 ஓம் கொண்டவை. எல்லா ஆம்ப்ளிஃபையரும் அவற்றைத் தாங்காது.

இனிப் பலகை செய்வோம். ஸ்டீரியோவின் ஒரு பக்கத்துக்கு ஒரு 15 அங்குல வூஃபர், ஒரு 8 அங்குல முழுவீச்சு ஸ்பீக்கர் என்பது பெரிய அறைக்கு நன்கு பொருந்தும் ஜோடி. மரத்துக்கு 8க்கு 4 அடி அளவில், 18 அல்லது 19 மில்லிமீட்டர் பிளைவுட் ஒரே ஒரு ஷீட் போதும். எட்டடி நீளத்தில் இரண்டரை அடி, இரண்டரை அடி என்று குறுக்கே அறுத்தால் நாலடி உயரப் பலகைகள் இரண்டு. மிச்சம் மூன்றடி. அதை ஒன்பது அங்குலப் பட்டைகளாக நான்காக்கினால் ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு இறக்கைகள். பலகையின் இரு விளிம்பிலும் பின்னோக்கித் திருகிவிட்டால் அதுவே காலாகவும் நிற்கும். அறுப்பில் போகும் மில்லிமீட்டர்களைப் பொருட்படுத்த வேண்டாம். இப்போது பின்ஒலி முன்னால் வர ஏறத்தாழ 1.2 மீட்டர் சுற்ற வேண்டும். சுற்றுவழி அரை அலைநீளமாகும் இடத்தில், அதாவது 140 ஹெர்ட்ஸ் அருகே, பின்ஒலி முன்ஒலிக்குத் துணையே செய்கிறது. அதற்குக் கீழே துணை குறைந்துகொண்டே வந்து, 47 ஹெர்ட்ஸ் அளவில் பின்ஒலியால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதற்குக் கீழேதான் உண்மையான இழப்பு.

வூஃபரைத் தரையை ஒட்டி வைக்க வேண்டும். தரை கண்ணாடி போல ஒலியைத் திருப்பித் தந்து உதவும். சிறிய ஸ்பீக்கர் உட்கார்ந்திருப்பவர் காது மட்டத்தில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கட்டும். அதை நட்ட நடுவில் வைக்காமல் சில அங்குலம் ஒதுக்க வேண்டும். நடுவில் வைத்தால் இருபுறச் சுற்றுவழியும் ஒன்றாகி, ஒரே அதிர்வெண்ணில் குழி விழும். தடித்த மரத்தில் சிறிய ஓட்டை குழாய் போல ஆகிவிடும் என்பதால், ஓட்டையின் பின்விளிம்பைச் சரிவாகச் செதுக்கிவிடுவது அவசியம். தச்சர்கள் இதை வீண் வேலை என்பார்கள். காதுக்கு வித்தியாசம் தெரியும்.

மின்சுற்று எளிது. 200 ஹெர்ட்ஸில் பிரிக்க, 8 ஓம் வூஃபருடன் தொடராக 6.4 மில்லிஹென்றி காயில். சிறிய ஸ்பீக்கருடன் தொடராக 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், பிளஸ்-மைனஸ் இல்லாத வகை. காயிலின் ஒயர் மெல்லியதாக இருந்தால் வாட் அங்கேயே வீணாகும். இந்தக் கணக்கு தொடக்கத்துக்குத்தான். கடைசி மதிப்பைக் காது சொல்லும். வூஃபர் சிறிய ஸ்பீக்கரைவிட மூன்று நான்கு டெசிபல் சத்தமானதாக இருப்பது நல்லது. 95 டெசிபல் தரும் பழைய ஸ்பீக்கருக்குப் பெரிய ஆம்ப்ளிஃபையர் தேவையில்லை. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 95 என்றால் 10 வாட்டுக்கு 105.

அறை பெரிதாக வேண்டும் என்பதற்குக் காரணம் பின்ஒலி. பலகைக்கும் பின்சுவருக்கும் குறைந்தது மூன்றடியாவது இடைவெளி வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஏறத்தாழ 6 மில்லிநொடி தாமதித்து வரும்; நெருக்கினால் அது நேர்ஒலியோடு குழம்பும். பக்கவாட்டில் முன்ஒலியும் பின்ஒலியும் அழிவதால் பலகையின் ஒலி எட்டு வடிவத்தில் பரவுகிறது. எல்லாத் திசையிலும் பரப்பும் ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால், நேர் எதிரே அதே சத்தத்துக்கு அறைக்குள் கொட்டும் மொத்த ஒலி மூன்றில் ஒரு பங்குதான். டைல்ஸ் தரையும் சிமெண்ட் சுவருமாக எதிரொலிக்கும் பெரிய கூடத்தில் இது மிகப் பெரிய நன்மை. பாடகர் குரலும் வயலினும் பிசிறின்றிக் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் பெட்டிக்குள் உருளும் ஓசையாக இல்லாமல் தோலின் ஓசையாகவே வரும்.

நெஞ்சை அதிரவைக்கும் பேஸை மட்டும் இதனிடம் கேட்கக் கூடாது. பழைய கூம்புகள் சில மில்லிமீட்டர்தான் நகரும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஈக்வலைசரில் ஏற்றினால் காயில் அடித்துக்கொண்டு சாகும். அதற்கு ஆசைப்படுகிறவர் சப்வூஃபர் ஒன்றைத் தனியே வாங்கிக்கொள்வதே சரி. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஓடிக்கொண்டிருக்கும் ரேடியோகிராமை இதற்காகப் பிரிக்காதீர்கள். ஏற்கெனவே செத்துப்போனவற்றில் நல்ல ஸ்பீக்கர்கள் நிறைய இருக்கின்றன.